வாக்காளர் பட்டியலில் எடுத்த 3,777 பெயர்கள்

பிரான்சின் தென்மேற்கில் உள்ள போர்தோ நகரத்தை நம்மில் பலர் திராட்சை மதுவின் பெயராகத்தான் அறிவோம். முதுமையைப் பற்றிய ஒரு பெரிய ஆய்வும் அங்கேதான் நடந்தது. 1988-இல் ழான்-பிரான்சுவா தார்த்திக் என்ற நரம்பியல் மருத்துவரும் அவருடைய குழுவினரும் அதைத் தொடங்கினார்கள். பெயர் 'பாக்கிட்'. 'முதியவர்கள், அவர்கள் சங்கதி என்ன?' என்று பொருள்படும் பிரெஞ்சு, லத்தீன் சொற்களின் சுருக்கம் அது.

மருத்துவமனைக்கு வரும் முதியவர்களை மட்டும் பார்த்தால் நோயாளிகளைப் பற்றித்தான் தெரியும். வீட்டில் நல்லபடியாக இருப்பவர்களைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது? அவர்கள் வாக்காளர் பட்டியலை எடுத்தார்கள். ஜிரோந்து, தொர்தோஞ் ஆகிய இரண்டு மாவட்டங்களில் 75 ஊர்களைத் தேர்ந்து, 65 வயதைக் கடந்து சொந்த வீட்டில் வாழ்ந்த 3,777 பேரைச் சேர்த்தார்கள். பதிவேடுகளோடு காலம் தள்ளிய என்னைப் போன்ற குமாஸ்தாவுக்கு இந்த இடம் மிகவும் பிடிக்கும்.

உளவியல் படித்தவர்கள் வீடு தேடிப் போனார்கள். 15 விநாடிக்குள் எத்தனை விலங்குகளின் பெயர் சொல்வீர்கள்? எத்தனை பழங்கள்? எத்தனை நிறங்கள்? எத்தனை ஊர்கள்? ஒரு படத்தைக் காட்டி மறைத்துவிட்டு, அதைப் போன்ற நாலு படங்களில் முதலில் பார்த்தது எது என்று கேட்டார்கள். எதுவரை படித்தீர்கள், பொழுதை எப்படிப் போக்குகிறீர்கள், காது எப்படிக் கேட்கிறது என்றும் விசாரித்தார்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்து அதே கதவை மறுபடி தட்டினார்கள். இப்படியே 25 ஆண்டுகளுக்கு மேல்.

முதலில் தெரிந்த விஷயங்களில் ஒன்று பள்ளிப் படிப்பு. அந்தத் தலைமுறையில் ஏறக்குறைய 12 வயதில் எழுதும் தொடக்கப்பள்ளிச் சான்றிதழ்ப் பரீட்சை ஒன்று உண்டு. பிரெஞ்சில் படித்த புதுவை வீடுகளில் 'செர்த்திபிக்கா' என்ற சொல் இன்னும் சிலருக்கு நினைவிருக்கும். 'டிக்தே'யில் ஐந்து பிழை விட்டால் பூஜ்யம்! அந்தச் சான்றிதழ் பெறாதவர்களுக்கு 'டிமென்ஷியா' என்னும் மறதிநோய் வரும் வாய்ப்பு அதிகமாக இருந்தது.

1995-இல் இன்னொரு முடிவு வந்தது. பயணம் போகிறவர்கள், வீட்டில் சில்லறை வேலை செய்கிறவர்கள், கம்பளி பின்னுகிறவர்கள், தோட்டம் போடுகிறவர்கள் ஆகியோரிடம் அந்த நோய் குறைவாகக் காணப்பட்டது. 1997-இல், மிதமாக மது அருந்துகிறவர்களிடமும் குறைவு என்றார்கள். போர்தோக்காரர்களுக்குக் கேட்க வேண்டுமா! ஆனால் அவசரப்பட்டுக் கோப்பையை எடுக்க வேண்டாம். உடம்பு முடியாமல் போனதால் குடிப்பதை விட்டவர்களும் 'குடிக்காதவர்' கணக்கில்தானே சேர்கிறார்கள்?

காத்திருந்ததன் பலன் இங்கேதான் தெரிகிறது. பல ஆண்டுகள் கழித்துப் பழைய தாள்களைப் புரட்டியபோது, அல்சைமர் நோய் என்று பின்னால் கண்டறியப்பட்டவர்கள், அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே சில சோதனைகளில் மற்றவர்களைவிடப் பின்தங்கத் தொடங்கியிருந்தார்கள். அப்படியானால் ஒருவர் சீட்டாட்டத்தை விட்டதால் மறதி வந்ததா, மறதி உள்ளே புகுந்துவிட்டதால் சீட்டாட்டத்தை விட்டாரா? 2013-இல் இதே கேள்வி எழுந்தது. சீட்டு, சதுரங்கம் போன்ற ஆட்டங்கள் ஆடுகிறவர்களுக்கு மறதிநோய் வாய்ப்பு 15 சதவீதம் குறைவு என்று கணக்கு காட்டியது. தொடக்கத்தில் அவர்களுக்கு இருந்த நினைவாற்றலையும் மனச்சோர்வையும் கணக்கில் சேர்த்ததும் அந்த வேறுபாடு கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. அதையும் மறைக்காமல் வெளியிட்டார்கள். ஆடுகிறவர்களுக்கு மனச்சோர்வு குறைவு, அறிவுத்திறன் சரிவதும் குறைவு என்பது மட்டும் மிஞ்சியது. அதுவே போதாதா?

எலேன் அமியேவா என்ற ஆய்வாளரின் குழு 2010-இல் உறவுகளை ஆராய்ந்தது. எத்தனை உறவினர், எத்தனை நண்பர் என்ற எண்ணிக்கையைவிட, அவர்களோடு உள்ள உறவில் மனநிறைவு உண்டா என்பதே முக்கியமாகத் தெரிந்தது. கல்யாணத்துக்கு ஆயிரம் பேர் வந்தார்கள் என்று பெருமைப்படுகிற நாம் கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம்.

அதே அமியேவாவின் குழு 2015-இல் காதைப் பற்றி எழுதியதை நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். 3,670 பேரை 25 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், காது மந்தமானவர்களின் அறிவுத்திறன் மற்றவர்களைவிட வேகமாகச் சரிந்தது. ஆனால் காது மந்தமாகியும் கருவி வைத்துக்கொண்டவர்களின் சரிவு, நன்றாகக் காது கேட்பவர்களின் சரிவை ஒத்தே இருந்தது. கருவிதான் காரணம் என்று இதை வைத்து முடிவாகச் சொல்ல முடியாது. கருவி வாங்கியவர்கள் வேறு விதங்களிலும் வசதியானவர்களாக இருந்திருக்கலாம். ஆனால் ஆய்வாளர்கள் காட்டிய வழி நமக்குத் தெரிந்ததுதான். காது கேட்காதவர் பேச்சில் கலந்துகொள்வதில்லை. பேசாதவரிடம் வீட்டார் பேச்சுக் கொடுப்பது குறைகிறது. பிறகு தனிமை, அப்புறம் சோர்வு.

நண்பர்களே, நாற்பது வயதில் மூக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ள யாரும் கூச்சப்படவில்லை. எழுபதில் காதுக் கருவி என்றால் மட்டும் 'எனக்கென்ன செவிடா?' என்று சண்டைக்கு வருகிறோம். பள்ளிச் சான்றிதழை இனி வாங்க முடியாது. தோட்டம் போட முழங்கால் விடாது. காதைப் பரிசோதித்துக்கொள்வது இந்த வாரமே முடிகிற காரியம். பேரன் இரண்டாம் முறை சொல்லும்போதும் விளங்காமல், விளங்கியதுபோல் தலையாட்டுகிறவர்கள் முதலில் போங்கள்.