சுவரில் ஏறிய நேதாஜியும் ஏறாத கணபதியும்

புக்கிட் ரோத்தான் முதல் பத்தாங் பெர்ஜுந்தை வரை வட சிலாங்கூரில் ரப்பர் தோட்டங்கள் செழித்திருந்த காலத்தில், லயத்து வீடுகளில் சாமி படங்களுக்குப் பக்கத்தில் இன்னொரு படமும் தொங்குவதுண்டு. வட்டக் கண்ணாடி, ராணுவ உடுப்பு, தலையில் தொப்பி: நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். அவர் வங்காளி. மேடையில் இந்துஸ்தானியில் பேசுவார். கூட்டத்துக்குத் தமிழில் மொழிபெயர்த்துச் சொல்வார்கள். மலாயாவோடு அவருக்கிருந்த தொடர்பு சுமார் இரண்டு ஆண்டுதான். அப்படியிருந்தும் பால்வெட்டுக்காரர் வீட்டில் அவருக்கு இடம் கிடைத்தது.

காரணம் தேட, 1941-க்குப் போக வேண்டும். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் அந்த ஆண்டு வெடித்த வேலைநிறுத்தத்தில் ஆர். எச். நாதன் முன்னின்றார். கூலி உயர்வு, கள்ளுக்கடை மூடல் ஆகியவற்றோடு வேறொரு கோரிக்கையும் வைக்கப்பட்டது: துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். நாதன் மே மாதத்தில் நாடு கடத்தப்பட்டார். போராட்டம் அடுத்தடுத்த தோட்டங்களுக்குப் பரவியது. பட்டாளம் வந்து சுட்டதில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

இரண்டு ஆண்டு கழித்து, மலாயா ஜப்பான் கையில் இருந்தபோது, 1943 ஜூலை 4 அன்று சிங்கப்பூர் கேத்தே அரங்கில் இந்திய சுதந்திர சங்கத்தின் தலைமையைப் போஸ் ஏற்றார். அக்டோபர் 21-இல் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசை அறிவித்தார். தோட்டத்து இளைஞர்கள் அவருடைய இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். கேப்டன் லட்சுமியின் ஜான்சிராணிப் படையில் பால்வெட்டுக்காரர்களின் பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். பெண்கள் நகைகளைக் கழற்றி நிதிக்குக் கொடுத்தார்கள். துரையைக் கண்டு சைக்கிளை விட்டு இறங்கியவனின் கையில் துப்பாக்கி வந்தது. படம் சுவரில் ஏறியதற்கு அது போதும்.

அந்தப் படத்தில் இடம்பெறாத சங்கதியும் உண்டு. நேதாஜி கைகோத்த அதே ஜப்பான்தான் மலாயாத் தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் சயாம்–பர்மா ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோனது. காலராவிலும் பட்டினியிலும் மாண்டவர் ஏராளம். ஒரே லயத்தில் ஒரு வீட்டுப் பிள்ளை ராணுவத்துக்கும் அடுத்த வீட்டுத் தகப்பன் சயாமுக்கும் போயிருக்கலாம். ஆனால் மரண ரயிலின் கணக்கு நேதாஜியின் பேரில் எழுதப்படவில்லை. 1945 ஆகஸ்ட் 18 அன்று தைவானில் நடந்த விமான விபத்து, அவர் மரணத்தை நம்ப மறுத்தவர்களுக்கு அவரைச் சாகாதவராகவும் ஆக்கிவிட்டது. தமிழ்நாட்டில் முத்துராமலிங்கத் தேவரே அவர் உயிரோடிருப்பதாகச் சொல்லிவந்தார். இந்திய அரசு மூன்று விசாரணைகள் நடத்தியும் பேச்சு அடங்கவில்லை.

கணபதிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தஞ்சை மாவட்டத் தம்பிக்கோட்டையில் பிறந்த எஸ். ஏ. கணபதியும் இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர்தான். போருக்குப்பின் அகில மலாயாத் தொழிற்சங்க சம்மேளனத்தின் தலைவரானார். 1948 ஜூனில் சம்மேளனம் தடைசெய்யப்பட்டது, அவசரகாலமும் பிறந்தது. 1949 மார்ச்சில் ரவாங் பக்கம் துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் கைதானார். இந்திய அரசு அவர் உயிருக்காகப் பரிந்து பேசியும் பலனில்லை. மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். அதற்கு முந்தைய நாள்தான் அவருடைய தோழர் வீரசேனன் சுட்டுக்கொல்லப்பட்டிருந்தார்.

தமிழ்நாட்டில் மு. கருணாநிதி கணபதியைப் பற்றிச் சிறுநூல் எழுதினார். மலாயாத் தோட்டத்திலோ அந்தப் பெயரை உரக்கச் சொல்வதே ஆபத்து. கம்யூனிஸ்ட் என்று சந்தேகம் விழுந்தால் விசாரணை இல்லாமலே உள்ளே தள்ளலாம், ஊருக்கு நாடு கடத்தலாம். நேதாஜி எதிர்த்த பிரிட்டிஷ் ஆட்சி 1957-இல் கப்பலேறிப் போனது. கணபதி எந்த அவசரகாலச் சட்டத்தில் குற்றவாளியானாரோ, அந்த அவசரகாலம் சுதந்திரத்துக்குப் பிறகும் 1960 வரை நீடித்தது.

மலேசிய அரசு தன் பங்குக்கு மூன்றாமவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது. தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர் தெருவுக்கு வந்தபோது, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிப் பங்குப்பணம் திரட்டிய துன் வீ. தி. சம்பந்தனின் பெயரைப் பிரிக்ஃபீல்ட்ஸ் சாலை தாங்குகிறது. கோலாலம்பூரிலுள்ள இந்தியக் கலாசார மையத்துக்கு 2015-இல் இந்திய அரசு நேதாஜி பெயரைச் சூட்டியது. கணபதியின் பெயரை இன்றும் பெரும்பாலும் தொழிற்சங்கக்காரர்களும் வரலாறு எழுதுகிறவர்களும்தான் எடுக்கிறார்கள். அவர் தூக்கிலேறிய புடு சிறை இடிக்கப்பட்டு, அந்த நிலத்தில் இப்போது பேரங்காடி நடக்கிறது.