சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்கள்

தோட்டத்துச் சடக்கில் வெள்ளைக்காரத் துரை எதிரே வந்தால், சைக்கிளில் போகும் பால்மரத் தொழிலாளி இறங்கி ஓரமாக நிற்க வேண்டும். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி வந்தாலும் அப்படித்தான். மலாயாவின் கிள்ளான் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் ஊறிப்போயிருந்த வழக்கம் அது. 1941இல் அங்கே வேலைநிறுத்தத்தில் இறங்கிய தமிழர்கள் 12 கோரிக்கைகளை முன்வைத்தார்கள். சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான படிப்பு, முறையான மருத்துவம், கள்ளுக்கடைகளை மூடுவது என்று நீளும் அந்தப் பட்டியலில், மேலாளர்கள் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமையும் ஒன்று.

அயல்நாட்டில் வாழப் பழகுவது என்றால் மொழி, சாப்பாடு, மழை, வெயில் என்றுதான் பொதுவாகப் பேசுகிறோம். கிள்ளான் பள்ளத்தாக்குக்கு வந்த தமிழர்களுக்கு அவையெல்லாம் பிறகுதான். அவர்களுக்கு முதலில் பழக்கப்படுத்தப்பட்டது ஒதுங்கி நிற்பது. அந்தப் பழக்கத்தை உதறியபோதுதான் அவர்கள் இந்த மண்ணின் மனிதர்களாகத் தொடங்கினார்கள்.

ஆள் சேர்ப்பு கங்காணி வழியாக நடந்தது. ஏற்கெனவே தோட்டத்தில் வேலை பார்த்தவர் சொந்த ஊருக்குப் போய், உறவிலும் சாதியிலும் அக்கம்பக்கத்திலும் ஆள் பிடித்து, நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேற்றுவார். அவர் கூட்டி வந்தவர்கள் வேலைக்கு நின்ற நாளைக் கணக்கிட்டு அவருக்குத் தலைக்காசு கிடைக்கும். 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்ட பிறகு கப்பல் கட்டணத்தை அந்த நிதி ஏற்றது. 1910இல் சஞ்சிக்கூலி எனப்பட்ட ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. கங்காணி முறையோ மேலும் வேரூன்றியது.

இதனால் ஒரு விசித்திரம் நேர்ந்தது. கடல் கடந்து வந்து இறங்கியவர் லயம் என்ற வரிசை வீடுகளில் கேட்டதும் தன் ஊர்ப் பேச்சுதான். அடுத்த வீட்டில் மாமனோ பங்காளியோ இருந்தார். மாரியம்மன் கோயில், தோட்டத்துக் கடை, கள்ளுக்கடை, ஆயாக் கொட்டகை எல்லாம் எல்லைக்குள்ளேயே இருந்தன. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்துக்குப் பிறகு பள்ளிப் பருவப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்த தோட்டங்களில் தமிழ்ப் பள்ளியும் வந்தது. விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, மரம் சீவி, பால் எடுத்து, எடை போட்டுத் திரும்பும் வாழ்க்கையில் வெளியே போகும் தேவை குறைவு. மலாய்க்காரரின் கம்பத்தையும் சீனரின் பட்டணத்தையும் அறியாமலே ஒருவர் பல்லாண்டு அங்கே வாழ்ந்துவிட முடியும். அந்த ஊர்ச்சூழல் அவருக்கு ஆறுதலாக இருந்தது, உண்மைதான். வேலியாகவும் அதுவே இருந்தது. மலாய்ச் சொற்கள் மட்டும் வேலியைத் தாண்டி வந்தன. ‘கெத்தா’ தமிழன் வாயில் கித்தா ஆனது, ‘கம்போங்’ கம்பமானது.

உயிர் பிழைத்தவர்களுக்குத்தான் இந்தக் கதை. கிள்ளானில் 1901இல் புதிய துறைமுகமான போர்ட் சுவெட்டன்ஹாம் திறந்த கையோடு மலேரியா அதை முடக்கிப் போட்டது. அதே ஆண்டு கிள்ளானுக்கு வந்த மருத்துவர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்தை வடித்து, காட்டை வெட்டி, சில ஆண்டுகளில் பட்டணத்திலும் துறைமுகத்திலும் காய்ச்சலைப் பெருமளவு அடக்கினார். உலக மருத்துவ வரலாற்றில் பேசப்படும் சாதனை அது. மலையடிவாரத் தோட்டங்களிலோ காய்ச்சல் தொடர்ந்தது. காட்டை அழித்து ரப்பர் நட்டவர்கள் அங்கேயே புதைந்தார்கள்.

கோலாலம்பூரில் வேறொரு கரையிலிருந்து வந்த தமிழர்கள் வேறு விதமாக வாழ்ந்தார்கள். 1881இல் தீயும் வெள்ளமும் பட்டணத்தை அழித்த பிறகு, கட்டடங்களைச் செங்கல்லால் எழுப்ப அரசு உத்தரவிட்டது. செங்கல் சூளைகள் இருந்த இடத்துக்கு பிரிக்பீல்ட்ஸ் என்றே பெயர் நிலைத்தது. 1886இல் கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்தையும் இணைத்து ரயில் ஓடத் தொடங்கியது. ரயில்வேக்கும் அரசு அலுவலகங்களுக்கும் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். மிஷன் பள்ளிகளில் படித்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் அந்த இடங்களை நிரப்பினார்கள். அவர்களுக்கு அரசாங்கக் குவார்ட்டர்ஸ், மாதச் சம்பளம், ஓய்வூதியம். 1904இல் விவேகானந்தா ஆசிரமத்தைத் தொடங்கியவர்களும், ஸ்காட் சாலையில் நல்லூரை நினைத்துக் கந்தசுவாமி கோயில் எழுப்பியவர்களும் அவர்களே.

அதே பட்டணத்தில் 1873இலேயே மகா மாரியம்மன் கோயிலுக்கு அடித்தளமிட்டவர் தம்புசாமிப் பிள்ளை. பத்துமலையில் முருகனுக்கு இடம் கண்டதும் அவர்தான். ஆக, பேசுவது ஒரே தமிழ், கும்பிடுவது ஒரே முருகன். ஆனாலும் யாழ்ப்பாணத்துக் குமாஸ்தாவும் சேலத்துப் பால்வெட்டுக்காரரும் ஒரே பந்தியில் உட்காரவில்லை. தோட்டங்களில் கிராணி வேலைக்குப் பெரும்பாலும் யாழ்ப்பாணத்தாரையும் மலையாளிகளையும் துரைமார் அமர்த்தினார்கள். தொழிலாளி துரையின் கோபத்தைக் கண்டது இவர்களின் முகத்தில்தான். இந்தப் பிளவை நம் வரலாறுகள் மென்மையாகத் தடவிவிட்டுப் போகின்றன. அது நியாயமில்லை. அயல்நாட்டில் தமிழனுக்குத் தமிழன் அந்நியனாக நின்ற கதையும் எழுதப்பட வேண்டும்.

1938 ஜூனில் இந்திய அரசு, உதவித்தொகையோடு கூலித் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. ஒருவர் முறைத்தால் கப்பலில் இன்னொருவரை இறக்கலாம் என்ற துணிச்சல் முதலாளிகளுக்கு அதோடு குறைந்தது. தோட்டங்களில் பெண்களும் பிள்ளைகளும் பெருகியிருந்தார்கள். ஊர் திரும்பும் எண்ணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. போர்க்காலத்தில் ரப்பர் விலை ஏறியது. கூலி அதற்கேற்ப ஏறவில்லை.

1941 மார்ச்சில் தொடங்கிய கிள்ளான் வேலைநிறுத்தங்களில் முன்னின்றவர் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர். எச். நாதன். கோரிக்கைகளை இன்று வாசிக்கும்போது கூலிக்கு அடுத்தபடி கண்ணில் படுவது மானம். தொழிலாளிகளின் வீட்டுப் பெண்களிடம் அத்துமீறுவது நிற்க வேண்டும். கொடுமை செய்யும் கிராணிகளை நீக்கித் தமிழ் பேசும் ஊழியர்களை அமர்த்த வேண்டும். உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குத் தடையின்றி வந்துபோக வேண்டும். சங்கம் அமைக்கவும் கூட்டம் போடவும் உரிமை வேண்டும். பார்க்க வரும் அண்ணனை வாசலில் நிறுத்தாதே என்று கேட்பதற்கே ஒரு வேலைநிறுத்தம் தேவைப்பட்டிருக்கிறது.

மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டதும் போராட்டம் மேலும் தோட்டங்களுக்குப் பரவியது. அரசு அவசரநிலை அறிவித்துப் பட்டாளத்தை இறக்கியது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஜப்பானியர் படையெடுத்து வந்தார்கள். லயங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். திரும்பாதவர்கள் ஏராளம்.

1957இல் சுதந்திரம் வந்தது. இனி யார் இந்த நாட்டவர் என்ற கேள்வியும் கூடவே வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத எத்தனையோ பேர் குடியுரிமைக்கு மனுப் போடாமலே இருந்துவிட்டார்கள். அவர்கள் கையில் இருந்தது சிவப்பு அடையாள அட்டை. இன்னொரு பக்கம் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்றார்கள். அதைக் கண்டு இந்தியர்களின் அரசியல் தலைவர் துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளிகளிடமே சிறுகச் சிறுகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். இன்று பிரிக்பீல்ட்ஸின் முதன்மைச் சாலை அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

1969 கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானது. அனுமதி கிடைக்காதவர்கள், வாழ்நாளெல்லாம் இங்கே மரம் சீவிவிட்டு, பிள்ளைகளைப் பிரிந்து ‘ரஜுலா’ கப்பலில் ஏறி, மறந்துபோன ஊருக்குத் திரும்பினார்கள். பழகிக்கொள்வதில் அவர்கள் ஒரு குறையும் வைக்கவில்லை. அவர்களிடம் இல்லாதது ஒரு காகிதம்.

2010 அக்டோபரில் பிரிக்பீல்ட்ஸ் ‘லிட்டில் இந்தியா’ ஆனது. திறப்பு விழாவுக்கு இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங் வந்தார். அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, ரயில்வேக்காரர்களும் அரசு ஊழியர்களும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்த ‘ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்’ வீடுகள் இடிக்கப்பட்டன. கிள்ளானைச் சுற்றிய தோட்டங்கள் பலவும் இன்று வீடமைப்புப் பகுதிகள். 1941ஐ நேரில் கண்டவர்கள் அநேகமாக மறைந்துவிட்டார்கள். தாத்தாவின் தகரப் பெட்டியில் சிவப்பு அட்டையோ, கப்பல் சீட்டோ, தோட்டத்துச் சம்பளத் துண்டோ கிடந்தால் தயவுசெய்து வீசிவிடாதீர்கள். பெயரையும் தோட்டத்தையும் ஆண்டையும் ஒரு தாளில் எழுதி அதனோடு சேர்த்து வையுங்கள்.