அதக்கிய கன்னம்: வாய்ப்புற்றும் புரதங்களும்

திண்டுக்கல் என்றதும் பூட்டு, பிரியாணி, சிறுமலை வாழைப்பழம் எல்லாம் நினைவுக்கு வரும். மலையடிவாரச் சமவெளிக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. அது புகையிலை! ஸ்பென்சர் நிறுவனத்தின் சுருட்டுகள் இந்த ஊரில்தான் தயாராயின. வேடசந்தூரில் 1948-ல் சுருட்டுப் புகையிலைக்கும் மெல்லும் புகையிலைக்கும் தனி ஆய்வு நிலையமே வந்தது. பிறகு சுருட்டின் மவுசு குறைந்தது. வெற்றிலையோடு கன்னத்தில் அதக்கும் புகையிலை மட்டும் போகவில்லை.

அந்தக் கன்னத்தின் கதை பழையது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நெய்யூர் அன்று திருவிதாங்கூரைச் சேர்ந்தது. அங்கிருந்த மிஷன் மருத்துவமனையின் டாக்டர் பென்டால், 1908-ல் 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றி எழுதினார். 1933-ல் அதே ஊரிலிருந்து டாக்டர் ஆர், வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப்புற்று குறித்துக் கட்டுரை வெளியிட்டார். புகையிலை எந்த இடத்தில் ஒதுங்குகிறதோ அந்த இடத்தில்தான் பெரும்பாலும் புண் வருகிறது. இதைப் பார்க்க எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

சரி, செல்லுக்குள் என்ன மாறுகிறது? அது தெரிய அரை நூற்றாண்டு ஆனது. 1975-ல் ஓ'ஃபேரல் என்பவர் புரதங்களை முதலில் மின்னூட்டத்தாலும் பிறகு எடையாலும் பிரித்து, ஒரே ஜெல் தகட்டில் புள்ளிகளாகப் பரப்பிக் காட்டினார். கட்டியின் தகட்டையும் நல்ல திசுவின் தகட்டையும் பக்கத்தில் வைத்தால் எந்தப் புள்ளி புதிது, எது காணோம் என்று தெரிந்துவிடும். 1979-ல் பி53 புரதம் கண்டறியப்பட்டது. செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் காவலாளி அது. புற்றில் பல நேரம் உருமாறி, வேலை செய்யாமல் குவிந்து கிடக்கும்.

கெரட்டின்கள் இன்னும் சுவையானவை. 1982-ல் ஜெர்மனியில் மோல், ஃபிராங்கே குழுவினர் மனித உடலின் 19 வகைக் கெரட்டின்களைப் பட்டியலிட்டார்கள். நல்ல கன்னத்தோலில் 4-ம் 13-ம் உண்டு. புற்று வரும்போது அவை குறைகின்றன. குடல் போன்ற உறுப்புகளின் உள்தோலுக்கு உரிய 8-ம் 18-ம் கன்னத்தில் முளைக்கின்றன. மும்பை டாடா நினைவு மையத்தில் இந்த ஆய்வு பல ஆண்டுகள் நடந்தது.

இங்கேதான் ஒரு சிக்கல். 'நல்ல திசு' என்று எதைச் சொல்வது? பெரும்பாலும் அதே நோயாளியின் வாயிலிருந்து, கட்டிக்குச் சற்றுத் தள்ளி வெட்டி எடுக்கிறார்கள். முப்பது வருடம் புகையிலைச் சாறு ஊறிய வாயாயிற்றே அது! 1953-லேயே ஸ்லாட்டர் என்ற அமெரிக்க மருத்துவர் 783 நோயாளிகளை ஆராய்ந்து, கட்டியைச் சுற்றியுள்ள திசுவும் மாறியிருக்கிறது என்று காட்டியிருந்தார். ஒரு செடி வாடினாலும் வயல் முழுக்கக் கெட்டிருக்கிறது என்பது போல. ஆகவே இரண்டு தகடுகளுக்கும் இடையே தெரியும் வேறுபாடு, உண்மையான வேறுபாட்டைவிடக் குறைவாகவே இருக்கக்கூடும். புகையிலை தொடாத வேறொருவரின் கன்னத்தோடு ஒப்பிட்டால், வயது, உணவு என்று வேறு குழப்பங்கள் வந்து சேரும்.

புரதச் சோதனை இன்னும் வழக்கமான மருத்துவப் பரிசோதனையாகிவிடவில்லை. ஆனால் திருவனந்தபுரத்தில் 1996-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 2005-ல் வந்த முடிவின்படி, புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அவர்கள் தேடியது கன்னத்தில் ஒரு வெள்ளைத் திட்டு, அல்லது ஆறாத புண்.