நீளும் மின்சுற்றின் வரலாறு

வளைதல் வேறு, நீளுதல் வேறு. மெல்லிய பொற்படலம் எளிதில் வளையும். ஆயின் அதனைத் தனியே இழுப்பின், நூற்றுக்கு ஓரிரு பங்கு நீளுமுன்னரே பெரும்பாலும் அறுந்துவிடும். இறப்பர் இருமடங்காக நீண்டும் பழைய நிலைக்கு மீளும். ஆயின் மின்னைக் கடத்தாது. ஒன்றன் குறையை மற்றொன்றன் நிறையால் தீர்க்க முயன்றதே நீளும் மின்சுற்றின் வரலாறாகும்.

1998 ஆம் ஆண்டில் ஹாவாட் பல்கலைக்கழகத்தில் போடன், வைற்சைட்சு முதலியோர், சூட்டினால் விரிந்திருந்த சிலிக்கோன் இறப்பரின்மீது பொன்னை ஆவியாக்கிப் படியச் செய்தனர். இறப்பர் குளிர்ந்து சுருங்கியபோது, அவ்வளவு சுருங்கமாட்டாத பொற்படலம் மடிந்து ஒழுங்கான அலைகளாயிற்று.

சேலையின் கொய்சகம் பிரிந்து நீளுமாறுபோல இவ்வலைகளும் நீளுமன்றோ? 2003 ஆம் ஆண்டில் பிறின்ஸ்ரன் பல்கலைக்கழகத்து லாக்கூர், வாக்னர் முதலியோர் இதனைச் சோதித்தனர். அலைகள் முற்றாகத் தட்டையாகும்போது கிடைக்கும் நீட்சி நூற்றுக்கு ஏறத்தாழ 0.4 பங்கு மாத்திரமே. ஆயினும் 22 பங்கு நீண்ட பின்னரும் மின் அறாது பாய்ந்தது! பின்னர் நுணுக்குக்காட்டியால் ஆராய்ந்தபோது உண்மை புலனாயிற்று. படலமெங்கும் நுண்ணிய வெடிப்புகள் இருந்தன. அவற்றிடையே எஞ்சிய பொன் வலைபோலத் தொடர்ந்து நின்றது. இழுக்குந்தோறும் வெடிப்புகள் திறந்தன. வலை திருகி வளைந்து கொடுத்தது. பொன்னோ சிறிதளவே நீண்டது. குறையெனக் கருதத்தக்க வெடிப்பே காப்பாயிற்று.

2006 இல் இலினோய் பல்கலைக்கழகத்து றொஜர்சும் அவர்தம் குழுவினரும், இழுத்து நிறுத்திய இறப்பரில் சிலிக்கன் நாடாக்களை ஒட்டிப் பின் தளர்த்தி, எளிதில் நொறுங்கும் சிலிக்கனையும் அலையாக்கினர். 2015 இல் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில், லாக்கூரை உள்ளிட்ட குழுவினர் வெடிப்புடைய பொற்கடத்திகளையும் பிளாற்றினம் கலந்த மின்வாய்களையும் சிலிக்கோனில் அமைத்து எலிகளின் முண்ணாணின்மேற் பொருத்தினர். விறைப்பான உட்பொருத்து முண்ணாணை நசுக்கி ஊறுசெய்ய, மென்மையான இதுவோ உடலோடு இசைந்து அசைந்தது. மின்தூண்டலும் மருந்தும் ஒருங்கு செலுத்தப்பெற்றபோது, கால் செயலிழந்த எலிகள் நடந்தன.

புதிய பொருளே இவ்வெற்றியைத் தந்தது என்பார் உளர். அது பொருந்தாது. பொன் பழையது, அதன் அமைப்பே புதியது. அவ்வமைப்பு வெளிப்பட்டதோ, கணக்கிற்கு ஒவ்வாத ஓர் அளவீட்டை ஆய்வாளர் மறைக்காமையால். எங்கள் ஆய்வுகூடங்களில், நூலில் உள்ள விடையோடு பொருந்தாத அளவீட்டை மாணாக்கர் அழித்தெழுதுவர்; ஆசிரியராகிய யாமும் அதனைக் கண்டுங் காணாதிருந்ததுண்டு. அழிக்கப்பட்ட அவ்வெண்களுள் எத்தனை உண்மைகள் மறைந்தனவோ!