திருவனந்தபுரம் தலைநகரான வரலாறு

பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களில் வாழ்கின்ற நாம், நாம் குடியிருக்கும் நகரம் அந்த இடத்தில் ஏன் தோன்றிற்று என்று எண்ணிப் பார்ப்பது அரிது. வேலை இருந்தது, வந்தோம் என்பதோடு நம் சிந்தனை நின்றுவிடுகிறது. அந்த வேலை அங்கே எவ்வாறு வந்தது என்று கேட்கத் தொடங்கினாலோ, அக்கேள்வி நம்மை வரலாற்றினுள் அழைத்துச் செல்கிறது. திருவனந்தபுரத்தை முன்வைத்து அதனைச் சற்றே ஆராய்வோம்.

நகரங்கள் தோன்றுவதற்கு அறிஞர்கள் பொதுவாகச் சில காரணங்களைக் கூறுவர். ஆற்று வளம் ஒன்று. வைகைக் கரையில் மதுரை செழித்தது அதனால்தான். நல்ல துறைமுகம் மற்றொன்று. 1341ஆம் ஆண்டில் பெரியாற்றில் பெருகிய வெள்ளமே கொச்சித் துறையைத் திறந்துவிட்டது என்பர். கனிப்பொருள் மூன்றாவது, 1907இல் நிறுவப்பெற்ற டாட்டா உருக்குக் கம்பெனி, இரும்புத் தாதுவும் நிலக்கரியும் நீரும் எட்டும் தொலைவில் இருந்தமையால் சாக்சி என்னும் சிற்றூரைத் தேர்ந்தது, அதுவே இன்றைய ஜாம்ஷெட்பூர்.

இம்மூன்றில் எதனையும் திருவனந்தபுரத்தின் பிறப்புக்குக் காரணமாகக் கூற இயலாது. கரமனையாறும் கிள்ளியாறும் சிறிய ஆறுகள். வலியதுறைக் கடற்கரையோ அலைகளுக்குத் திறந்து கிடப்பது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, படகுகளில் சரக்கை ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. தெற்கே ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவில் விழிஞத்தில் ஆழமான கடல் உண்டு. ஆய் மன்னர் காலத்தில் அது பெயர்பெற்ற துறையாகவும் விளங்கிற்று. ஆயினும் பிற்காலத் தலைநகரம் அங்கே எழவில்லை.

அவ்வாறாயின், கோயிலே காரணமா? பத்மநாப சுவாமி கோயில் மிகத் தொன்மையானது, நம்மாழ்வாரால் பாடப்பெற்றது. ஆனால் தெற்கே திருவட்டாறு என்னும் ஊரையும் நாம் மறத்தலாகாது. அங்கும் பெருமாள் பள்ளிகொண்ட கோலத்திலேயே காட்சி தருகிறார். அத்தலத்தையும் நம்மாழ்வார் பாடியிருக்கிறார். திருவட்டாறு இன்றும் அமைதியான சிற்றூராகவே இருக்கிறது. கோயில் மட்டும் ஒரு தலைநகரை உண்டாக்கிவிடுவதில்லை என்பது இதனால் விளங்கும்.

இரண்டு தலங்களையும் வேறுபடுத்தியது அரசனின் முடிவு. 1729இல் அரியணை ஏறிய மார்த்தாண்ட வர்மா, வடக்கே இருந்த சிற்றரசுகளை ஒன்றன்பின் ஒன்றாக வென்று திருவிதாங்கூரை விரிவாக்கினார். 1741இல் குளச்சலில் டச்சுக்காரரைத் தோற்கடித்தார். 1750ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் தம் நாடு முழுவதையும் பத்மநாப சுவாமிக்கே சமர்ப்பித்தார். அதுமுதல் அரசர்கள் பத்மநாப தாசர் என்ற பெயருடன், இறைவனின் ஊழியராக நின்று நாட்டை ஆண்டனர்.

எனினும் அரண்மனை பத்மநாபபுரத்திலேயே இருந்தது. நாடு கொச்சியின் எல்லைவரை பரவிவிட்ட பின்னர், அத்தலைநகரம் தென்கோடியில் ஒதுங்கியதாயிற்று. ஆண்டவனின் பெயரால் ஆளும் அரசர் ஆண்டவனின் ஊரிலேயே இருப்பது முறை என்ற எண்ணமும் வலுப்பெற்றிருக்கும் அன்றோ? தர்மராஜா எனப் புகழ்பெற்ற கார்த்திகைத் திருநாள் ராமவர்மா 1795இல் தலைநகரைத் திருவனந்தபுரத்துக்கு மாற்றினார். பத்மநாபபுரத்தில் மரவேலைப்பாடு மிக்க அரண்மனை எஞ்சியது. நகர வாழ்வு அங்கிருந்து மெல்ல அகன்றது.

தலைநகரம் என்று அறிவித்துவிட்டால் போதாது. மக்களுக்குச் சோறு வேண்டும். திவான் ராஜா கேசவதாசர் சாலைக் கடைத்தெருவை அமைத்தார். நாஞ்சில் நாட்டு நெல் தெற்கேயிருந்து வண்டிகளில் வருவதற்குக் கிள்ளியாற்றிலும் கரமனையாற்றிலும் பாலங்கள் எழுந்தன. வடதிசைச் சரக்கு நீர்வழியே நகரை எட்டுமாறு 1820களில் பார்வதி புத்தனாறு வெட்டப்பட்டது. கொல்லத்திலிருந்து இயங்கிவந்த ஹுசூர் கச்சேரி என்னும் தலைமை அலுவலகத்தைச் சுவாதித் திருநாள் மகாராஜா இங்கே கொணர்ந்தார். 1829இல் பொது நூலகமும், 1834இல் ஆங்கிலப் பள்ளியும், 1837இல் வானாய்வுக்கூடமும் தோன்றின. 1866இல் கல்லூரியும், 1869இல் இன்று நாம் காணும் தலைமைச் செயலகக் கட்டடமும் உருப்பெற்றன. ரயில் 1918இல்தான் கொல்லத்திலிருந்து இவ்வூருக்கு நீண்டது. நகரமே ரயிலை வரவழைத்தது எனலாம்.

இவ்வளர்ச்சியில் தமிழருக்கு இருந்த பங்கு சிறிதன்று. வணிகர் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்தனர். அலுவல் பார்க்க வந்தோர் கோட்டைக்குள்ளும் கரமனையிலும் குடியேறினர். ‘மனோன்மணீயம்’ இயற்றிய சுந்தரம் பிள்ளை இந்நகரக் கல்லூரியில் தத்துவம் போதித்தவர். அவர் நாடகத்தின் வாழ்த்துப் பாடலிலிருந்து எடுத்த பகுதியே 1970இல் தமிழ்நாட்டரசின் தமிழ்த்தாய் வாழ்த்தாயிற்று. கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையும் இங்கே மகளிர் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவரே.

இனி இந்நகருக்கு நேர்ந்த பெருஞ்சோதனைக்கு வருவோம். 1949 ஜூலை 1ஆம் நாள் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தன. அரசன் ஆட்சி முடிந்தது. உயர்நீதிமன்றம் எர்ணாகுளத்துக்குச் சென்றது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. தமிழ் மக்கள் போராடிப் பெற்ற உரிமை அது. அதே நாளில் திருவனந்தபுரம் தன் நெற்களஞ்சியத்தை இழந்தது. வடகோடியில் உள்ள காசர்கோட்டிலிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட தொலைவில், புதிய கேரளத்தின் தென்கோடியில் அது ஒதுங்கியது. எந்தக் குறைக்காகப் பத்மநாபபுரம் கைவிடப்பட்டதோ, அதே குறை இப்போது திருவனந்தபுரத்தை வந்து அடைந்தது!

சாலைக் கடைத்தெருத் தமிழர் நிலையையும் இங்கே கருத வேண்டும். நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து கடை வைத்தவருக்கு அதுவரை தம் ஊரும் கடையும் ஒரே நாட்டில் இருந்தன. அன்று முதல் இரண்டுக்கும் இடையே மாநில எல்லை வந்துவிட்டது. நாமெல்லாம் ஊர்விட்டு ஊர் சென்று பிறமாநிலத் தமிழர் ஆனோம். அவர்களோ இருந்த இடத்திலேயே அவ்வாறு ஆயினர். ஆயினும் பலர் கடையை மூடவில்லை. சாலைக் கடைத்தெருவில் தமிழ் இன்றும் ஒலிக்கிறது.

நகரமும் நிலைத்தது. பத்மநாபபுரத்தில் ஒரு தலைநகரை நிறுத்திவைக்க அரண்மனையைத் தவிர வேறு பெருங்காரணம் இருக்கவில்லை. திருவனந்தபுரத்திலோ நெடுங்காலமாகப் பள்ளியும் கல்லூரியும் நூலகமும் மருத்துவமனையும் வேரூன்றியிருந்தன. அவற்றை நம்பிப் பல தலைமுறைக் குடும்பங்கள் வாழ்ந்தன. அரசனின் இருக்கையை ஒரு கட்டளையால் மாற்றிவிடலாம். இவற்றை அவ்வாறு மாற்றுதல் எளிதன்று.

பின்னர்ப் புதிய காரணங்களும் வந்து சேர்ந்தன. பூமியின் காந்த நடுக்கோடு அருகே செல்வதால் தும்பாக் கடற்கரை தேர்ந்தெடுக்கப்பட்டு, 1963 நவம்பர் 21ஆம் நாள் அங்கிருந்து முதல் ராக்கெட் விண்ணில் பாய்ந்தது. அதற்காக மீனவ மக்கள் தம் குடியிருப்பையும் மாதா கோயிலையும் விட்டுக்கொடுத்தனர் என்பது நன்றியுடன் நினைக்கத்தக்கது. 1990இல் டெக்னோபார்க் தொடங்கிற்று. பலகாலம் மீன்பிடித் துறையாகவே இருந்த விழிஞத்தில், 2025 மே மாதம் பெருங்கப்பல் துறைமுகம் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. நகரம் பிறந்தபோது உதவாத கடல், இன்று அதன் வளர்ச்சிக்குக் காரணமாகிறது.

ஒரு நகரம் பிறப்பதற்கு ஒரு காரணம் போதும். நிலைப்பதற்கோ ஒவ்வொரு தலைமுறையும் ஒரு புதிய காரணத்தைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. அதனைச் சேர்ப்போருள் வெளியூரிலிருந்து வந்தவரும் உண்டு. மும்பையிலோ தில்லியிலோ பெங்களூரிலோ வாழும் நாம், நம் நகரத்தில் முதலில் கடை வைத்தவர் யார், பள்ளி தொடங்கியவர் யார் என்று கேட்டறிவோமாக. அந்த வரிசையில் நம் முன்னோர் சிலரையும் காணலாம். நாம் செய்ய வேண்டியது யாது என்பதும் அப்போது விளங்கும்.