வானொலியில் சொன்ன ஒரு பெயர்

போன வாரம் தரம் 11 வரலாற்றுப் பாடத்தில் ஒரு பிள்ளை கேட்டது: "சேர், டீவியில பொய் சொன்னா யாருக்குத் தண்டனை?" உடனே பதில் சொல்ல வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

எங்கள் நுவரெலியாவோடு தொடர்புள்ள ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன். 1958 மே 22 இரவு பொலன்னறுவை ரயில் நிலையத்தில் தமிழ்ப் பயணிகளைத் தேடிக் கும்பல் புகுந்தது. அடுத்தடுத்த நாட்களில் அந்த மாவட்டத்தில் தமிழர்கள் வெட்டப்பட்டார்கள். அதற்குப் பிறகுதான் நுவரெலியாவின் முன்னாள் மேயர் டி. ஏ. செனவிரத்ன மட்டக்களப்புப் பக்கத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். மே 27 அவசரகால நிலை பிரகடனமாவதற்கு முன், பிரதமர் பண்டாரநாயக்க இலங்கை வானொலியில் நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். அந்த உரையில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது செனவிரத்னவின் மரணத்தை மட்டும்தான். அதனால்தான் மற்ற இடங்களில் வன்முறை வந்தது என்ற பொருள்படவும் பேசினார். முன்னால் நடந்தது பின்னால் போனது, பின்னால் நடந்தது காரணமாகிவிட்டது. அப்போது 'சிலோன் ஒப்சேவர்' ஆசிரியராக இருந்த டார்சி விட்டாச்சி, அதே ஆண்டு வெளியான 'எமர்ஜென்சி 58' நூலில் இதைக் கேள்வி கேட்டு எழுதினார்.

அதே நாட்களில் பாணந்துறையில் இன்னொரு கதை பரவியது. மட்டக்களப்பில் படிப்பித்த பாணந்துறை ஆசிரியை ஒருவரைச் சித்திரவதை செய்து கொன்றுவிட்டார்களாம். விசாரித்துப் பார்த்தால் அப்படியொரு ஆசிரியையே அங்கு இருக்கவில்லை. ஆனால் அதற்குள் பாணந்துறைக் கோவில் ஐயரை உயிரோடு எரித்துவிட்டார்கள். திருத்தம் வந்தது, ஐயர் வரவில்லை.

வானொலி அன்று அரசாங்கத் திணைக்களம். அதை யார் விசாரிப்பது? பின்னர் 1966ஆம் ஆண்டின் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனச் சட்டமும் 1982ஆம் ஆண்டின் ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டமும் வந்தன. இன்றும் தனியார் வானொலி, தொலைக்காட்சி உரிமங்கள் இந்த இரண்டின் கீழ்தான். உரிமத்தின் பிடி அமைச்சரின் கையில். 1973இன் பத்திரிகைப் பேரவைச் சட்டமோ பத்திரிகைகளுக்கு மட்டும். 1997இல் ஒலி, ஒளிபரப்பு அதிகாரசபை ஒன்றை அமைக்கச் சட்டமூலம் கொண்டு வந்தார்கள். அந்தச் சபை அரசாங்கத்திலிருந்து சுதந்திரமானதல்ல என்று உயர் நீதிமன்றம் சொன்னது, சட்டமூலம் நின்றுபோனது. தீர்ப்பு சரியானதுதான். ஆனால் சுதந்திரமான சபை ஒன்றை அமைக்கும் வேலையை அதன் பிறகு எந்த அரசாங்கமும் செய்து முடிக்கவில்லை.

அந்த வெற்றிடத்தில் என்ன நடந்தது? 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கொத்தில் கருத்தடை மாத்திரை போட்டதாகக் கதை கிளம்பியது. கடையை உடைத்தார்கள், பள்ளிவாசலைத் தாக்கினார்கள். இரசாயனப் பகுப்பாய்வில் வெறும் மாவுக் கட்டி என்று தெரிந்தது. 2019 மே 23, ஈஸ்டர் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகியிருந்த நேரம். முஸ்லிம் வைத்தியர் ஒருவர் 4,000 சிங்கள பௌத்தத் தாய்மாருக்குக் கருத்தடை செய்ததாக 'திவயின' முதல் பக்கத்தில் போட்டது. தொலைக்காட்சிகள் அதைக் கையிலெடுத்து வாரக்கணக்கில் ஓட்டின. குருநாகல் வைத்தியர் ஷாபி கைதானார். குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றத்தில் சொன்னது. ஜூலையில் பிணை கிடைத்தது. 2022இல் கிடைத்த 26 இலட்சம் ரூபாவுக்கும் மேலான சம்பள நிலுவையை, மருந்துத் தட்டுப்பாட்டில் தவித்த நாட்டுக்கு மருந்து வாங்கவே கொடுத்துவிட்டார். 2025 ஜனவரியில் குருநாகல் நீதவான் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

சட்டமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டம் இருக்கிறது. இன, மத வெறுப்பைத் தூண்டினால் பத்து வருடம் வரை சிறை. ஆனால் அது யார் மேல் பாய்ந்தது? 2020 ஏப்ரலில், வெறுப்புப் பிரசாரத்துக்கு எதிராக முகநூலில் எழுதிய ஓய்வுபெற்ற அரச ஊழியர் ரம்ஸி ராஸிக் மேல். ஐந்து மாதம் விளக்கமறியல். அந்தக் கைது சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் சொல்ல 2023 நவம்பர் ஆகிவிட்டது.

மற்ற நாடுகளில் வேறு வழிகள் உண்டு. ருவண்டாவில் ஆர்டிஎல்எம் வானொலியை நடத்தியவர்களை 2003இல் சர்வதேச நீதிமன்றம் இனப்படுகொலை வழக்கில் குற்றவாளிகளாகக் கண்டது. 2007 மேன்முறையீட்டில் தண்டனை குறைந்தது, விடுதலை கிடைக்கவில்லை. அமெரிக்காவில் வாக்கு இயந்திரங்கள் பற்றிப் பொய் ஒளிபரப்பியதற்காக ஃபொக்ஸ் நிறுவனம் 2023இல் 78 கோடி டொலருக்கு மேல் கொடுத்து வழக்கைத் தீர்த்தது. ஆனால் அங்கே வழக்குப் போட ஒரு பெரிய கம்பனி இருந்தது. ஒரு சமூகத்தைப் பற்றியே பொய் சொன்னால், மானநஷ்ட வழக்கு யார் பெயரில் போடுவது?

ஆகவே கேட்க வேண்டியது அமைச்சரின் கையில் இன்னொரு பிரம்பு அல்ல. அது நாளைக்கு உண்மை சொல்பவனின் முதுகில்தான் விழும். ஆளும் கட்சிக்குக் கட்டுப்படாத ஓர் ஆணைக்குழு வேண்டும். சாதாரண மனிதனும் காசு செலவில்லாமல் முறைப்பாடு செய்யும் வழி வேண்டும். பொய்யை எந்த நேரச் செய்தியில், எத்தனை நிமிடம், எத்தனை நாள் சொன்னார்களோ, திருத்தத்தையும் அதே நேரத்தில், அத்தனை நிமிடம், அத்தனை நாள் சொல்ல வேண்டும். அலைவரிசை பொதுச் சொத்து. அதைப் பாவிக்கிறவன் கணக்குக் காட்டத்தான் வேண்டும்.

2019 ஜூனில் எங்கள் பாடசாலைக்குப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். ஆறு மாதக் கர்ப்பம். தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மாஸ்டர், தப்பா நினைக்காதீங்க. ஆஸ்பத்திரியில முஸ்லிம் டொக்டர்தான் இருக்காரு. போகலாமா?" நானும் முஸ்லிம் என்று தெரிந்துதான், நம்பித்தான் கேட்டார். "போங்கம்மா" என்றேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தப் பிள்ளை இந்த வருடம் எங்கள் பாடசாலையில் தரம் 1. சேர்க்க வந்த அன்று அம்மாவிடம், அந்த டொக்டரை விடுதலை செய்துவிட்டார்கள் என்று சொன்னேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார்.

"அப்படியா மாஸ்டர்? டீவியில நான் பாக்கலயே."