இணையப் பக்கத்தில் வீடியோ சேர்ப்பது எப்படி? பார்ப்பவரின் டேட்டா காலியாகாமல் இருக்க இதைக் கவனிங்க!

அருப்புக்கோட்டையில் நெய்த பருத்திச் சேலையை ஒருவர் தன் இணையப் பக்கத்தில் விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தறி ஓடுற வீடியோ இருந்தா வாங்குறவருக்கு நம்பிக்கை வரும். ஆனால் திருச்சுழி பக்கம் ஒரு வானம் பார்த்த கிராமத்தில், தினம் 1.5 ஜிபி பேக்கோடு அதே பக்கத்தைத் திறப்பவர் நிலை என்ன?

நொடிக்கு 5 மெகாபிட் அளவில் பதிவான 3 நிமிட வீடியோ சுமார் 112 எம்பி வரும். அப்படி நான்கு ஓடினால் அன்றைய டேட்டாவில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு காலி.

யூடியூப் வீடியோ என்றால்?

கம்ப்யூட்டரில் வீடியோவுக்குக் கீழே உள்ள 'ஷேர்', அதில் 'எம்பெட்' அழுத்தினால் 'ஐஃப்ரேம்' கோடு கிடைக்கும். அதை காப்பி செய்து உங்கள் ஹெச்டிஎம்எல்-இல் ஒட்டினால் போதும். மொபைல் ஆப்பில் இந்த வசதியைத் தேட வேண்டாம். பிளே அழுத்தும் முன்பே பிளேயருக்கான ஸ்கிரிப்ட்கள் இறங்கிவிடும் என்பதால், 'லோடிங்' என்ற இடத்தில் 'லேசி' என்று சேருங்க. வாசகர் கீழே உருட்டி அந்த இடத்தை நெருங்கும்போதுதான் அது இறங்கும்.

ஒரு சிக்கல் உண்டு. வீடியோ உரிமையாளர் அதை நீக்கினாலோ, வெளிப் பக்கங்களில் ஓடத் தடை போட்டாலோ உங்கள் பக்கத்தில் கருப்புப் பெட்டிதான் மிஞ்சும்.

சொந்த வீடியோ என்றால்?

2014 அக்டோபரில் அதிகாரப்பூர்வ தரமாக அறிவிக்கப்பட்ட ஹெச்டிஎம்எல்5-இல் இதற்கென்றே 'வீடியோ' டேக் இருக்கு. அதில் 'கன்ட்ரோல்ஸ்' கட்டாயம் வேணும். இல்லைனா பிளே பட்டனே தெரியாது. 'பிரீலோட்' என்பதற்கு 'நன்' கொடுத்தால், வாசகர் அழுத்தும் வரை வீடியோவை இறக்க வேண்டாம் என்று பிரவுசருக்குச் சொன்ன மாதிரி. அதுவரை வெற்றுப் பெட்டியாகத் தெரியாமல் இருக்க, 'போஸ்டர்' மூலம் சேலையின் படத்தை வைக்கலாம்.

'ஆட்டோபிளே' வேண்டவே வேண்டாம் என்பது நம் கருத்து. 2018 முதல் குரோம், சத்தத்தோடு தானாக ஓடும் வீடியோக்களைப் பெரும்பாலும் தடுத்துவிடுகிறது. சத்தமில்லாமல் ஓடினாலும் டேட்டா போவது போவதுதான்.

புது போன்கள் சில ஹெச்இவிசி முறையில் பதிவு செய்யும். சில பிரவுசர்களில் அது ஓடாது. சத்தம் மட்டும் கேட்கும். ஹெச்.264 எம்பி4 ஆக மாற்றி ஏற்றுங்க.

இங்கே தமிழில் சொன்ன டேக் பெயர்களைக் கோடில் ஆங்கிலச் சின்ன எழுத்தில் அடிக்கணும்.